பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதற்கு ஒரு சொல் வேண்டும்

ஹட்டனிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். திங்கட்கிழமை கனரக வாகனச் சாரதிகளுக்கான வகுப்பு தொடங்குகிறது. பாடக்குறிப்பைத் தமிழில் எழுதுவது என் பொறுப்பு. 22 பக்கம் முடிந்தது, ஒரே இடத்தில் முட்டி நிற்கிறேன்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சில்லோடு சுழலும் ட்ரம் சூடேறி விரியும், அதை உரசிப் பிடிக்கும் லைனிங் உராய்வை இழக்கும். கால் என்னதான் அழுத்தினாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். எதுவும் உடைந்திருக்காது, பிரேக்கை இயக்கும் காற்றும் குறைந்திருக்காது. ஓரங்கட்டி நன்றாக ஆறவிட்டால் பிடிப்பு திரும்பி வந்துவிடும். நம் ஆட்கள் இதற்கும் "பிரேக் பெயில்" என்கிறார்கள், குழாய் வெடித்தாலும் அதையே சொல்கிறார்கள். என் கவலை இதுதான். பெயில் என்று சொன்னதும் அது தலைவிதி ஆகிவிடுகிறது. சூட்டினால் வருவதையோ சாரதியே தவிர்க்கலாம்: எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும், அதையும் இறக்கம் தொடங்குமுன்பே போட்டுவிட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 தொன் லொறி 500 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளியாகும் சக்தி, 145 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அத்தனையையும் பிரேக் ஒன்றே வாங்கினால் என்ன ஆகும்? 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதி விபத்தில் ஏழு உயிர் போனதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை.

இப்போதைக்கு "தடுப்புத் தளர்வு" என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

பேராதனையிலிருந்து:

தம்பி, நீங்கள் தேடும் சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சொற்பொருள் கூறும் உரியியலைப் பாருங்கள்: "ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்." உள்ளது அற்றுப்போவது வேறு, உள்ளது நுணுகிக் குறைவது வேறு. பெயிலுக்கும் நீங்கள் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு அதுவேதான். கலித்தொகையில் "வேனில் உழந்த வறிதுயங்கு ஓய்களிறு" வருகிறது. வெப்பத்தில் வருந்தி வலி குறைந்த யானை அது. செத்த யானையன்று, நிழலும் நீரும் கிடைத்தால் மீளும். 10 தொன் லொறிக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்குமா? ஆகவே "தடுப்போய்வு". சாஅய் என்பதையும் எண்ணிப் பார்த்தேன், ஆனால் சாய்வு என்றால் இன்று சரிவு என்று பொருள்படும். நிழத்தல் வழக்கிழந்துவிட்டது. அதை மீட்டெடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்குண்டு, அது தனிக் கதை.

பதுளையிலிருந்து:

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் 30 வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். "தடுப்போய்வு" என்று கேட்கிற பையன், பிரேக்குக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் காலை எடுத்துவிடுவான். ஓய்வு என்றால் அவனுக்கு லீவு, பென்ஷன்.

தளர்வும் வேண்டாம் தம்பி. "பிரேக் தளர்ந்திருக்கு" என்று வண்டி வந்தால், என் பையன்கள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, ட்ரம்முக்கும் லைனிங்குக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க அட்ஜஸ்டரை இறுக்கப் போவார்கள். ட்ரம் சூடாக இருக்கும்போது இறுக்கினால், ஆறிச் சுருங்கியதும் லைனிங் பொருத்திய ஷூ அதைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் மேட்டில்கூட உரசிக்கொண்டே போகும், இன்னும் சீக்கிரம் சூடேறும். நீங்கள் தடுக்க நினைப்பதை அந்தச் சொல்லே வரவழைத்துவிடும்.

மாத்தளையிலிருந்து:

இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. "பிரேக்" என்பதை அப்படியே வைப்பதா, "தடுப்பு" என்பதா? வேகம் கூடுவதற்கு ஆர்முடுகல், குறைவதற்கு அமர்முடுகல் என்று பாடநூலில் வந்தபோதும் வாயில் நுழையாது என்றுதான் சொன்னார்கள். இன்று என் பிள்ளைகள் தடங்கலில்லாமல் சொல்கிறார்கள். சொல்லைக் கொடுத்தால்தானே பழகும்?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. எங்கள் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். சில்லுக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுப்பவரைக் கவனித்துப் பாருங்கள். வடம் பிடிப்பவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் தேர் அவர் கைக்குத்தான் கட்டுப்படும். இன்று முட்டுக்கட்டை என்றால் நல்ல காரியத்தைக் கெடுப்பது என்று ஆகிவிட்டது. உயிரைக் காக்கும் கட்டைக்கு ஏன் இந்தப் பழி வந்ததோ, எனக்கு ஆறவே இல்லை.

பதுளையிலிருந்து:

டீச்சர், ஆர்முடுகல் பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிட்டது. இறக்கத்தில் கிளீனர் கத்துகிற சொல்தான் எனக்கு வேண்டும். லொறிக்குள் பிரேக் பிரேக்தான்.

தம்பி, எக்ஸோஸ்ட் பிரேக் பாடத்தில், டீசல் என்ஜின் செய்த கிளெசி கம்மின்ஸ் கதையைச் சேருங்கள். 1931இல் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் அவர் ஓட்டி வந்த லொறி பிரேக் பிடிக்காமல் ஓடி, சரக்கு ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பியது. அந்தப் பயம் மனதிலேயே கிடந்து, என்ஜினையே பிரேக்காக்கும் கருவியைப் பிற்காலத்தில் அவரே வடிவமைத்தார். ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் அதைத் தயாரித்து விற்றது. அது சிலிண்டரில் அமுக்கிய காற்றைத் திறந்துவிடும் வகை. நம் லொறிகளில் இருப்பது புகைக்குழாயை அடைக்கும் வகை. இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

ஹட்டனிலிருந்து:

முந்தைய வகுப்பில் படித்த பையன்கள் இருவரை நேற்றுக் கேட்டேன். கினிகத்தேனைப் பக்கம் கொழுந்து லொறி இறக்கியவன் ஒருவன். பின் சில்லிலிருந்து ரப்பர் கருகுகிற மாதிரி வாடை வந்ததாம். இறங்கிப் பார்த்தால் ட்ரம்மைச் சுற்றி நீலப் புகை, பக்கத்தில் கை வைக்க முடியாத அனல். "பிரேக்குக்குக் காய்ச்சல் வந்திருச்சு சேர், விட்டா சரியாயிரும்னு உக்காந்திருந்தோம்" என்றான். பெயில் என்று அவன் சொல்லவே இல்லை! கேட்டதும் எனக்குப் பெரிய ஆறுதல்.

காய்ச்சல் என்றே அச்சிடத் துணிவில்லை, வகுப்பில் வாயால் சொல்வேன். குறிப்பில் "பிரேக் சோர்வு" என்று போடுகிறேன். சோர்வு ஆறினால் தீரும், யாரும் ஸ்பேனர் எடுக்க மாட்டார்கள்.

மாத்தளையிலிருந்து:

சரி, சோர்வுக்கு என் சம்மதம். முன்னால் "தடுப்பு" இல்லாதது வருத்தம்தான். பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தும் வேலை கிடக்கிறது, இதோடு விடுகிறேன்.

பேராதனையிலிருந்து:

சோர்தல் என்றால் ஒழுகுதல் என்றும் பொருளுண்டு. கண்ணீர் சோர என்கிறோமே. காற்றுக் கசிவு என்று ஒருவர் கொண்டால் என்ன செய்வீர்கள்? பெரும்பான்மை அப்படியென்றால் அச்சிடுங்கள். ஓய்களிறை மட்டும் நான் கைவிடுவதாக இல்லை. அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.

பதுளையிலிருந்து:

எனக்கும் சோர்வு சரி. ஆனால் ஒன்று தம்பி, சின்ன வேன்களில் பிரேக் ஒயில் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி அடிவரை இறங்குமே, அதையும் இந்தச் சொல்லுக்குள் போட்டுவிடாதீர்கள். அது வேறு கோளாறு, மருந்தும் வேறு. அதற்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?