டெக்சாஸில் பண்ணை மானியம்: எந்தக் கதவைத் தட்டுவது?

வேகோ பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கினோம். "கிராண்ட் நிறைய இருக்கு, தேடிப் பாருங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இணையத்தில் தேடினால் விண்ணப்பம் எழுதித் தருகிறோம் என்று காசு கேட்கிற கூட்டம்தான் முதலில் வருகிறது. விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. உங்கள் கவுண்டிக்கான (நம்மூர் மாவட்டம் மாதிரி) யுஎஸ்டிஏ, அதாவது அமெரிக்க வேளாண் துறை, சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு நேரம் வாங்கிக்கொண்டு நேரில் போய்விடுங்கள்.

அங்கே முதலில் எஃப்எஸ்ஏ, பண்ணையைப் பதிவு செய்கிற பிரிவு. பத்திரம், அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண் கொடுத்தால் நிலத்துக்கு ஃபார்ம் நம்பர் போட்டுத் தருவார்கள். அது இல்லாமல் எதுவும் நகராது. ஏடி-1026 என்ற படிவமும் அங்கேதான். எளிதில் அரிக்கிற நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் கெடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது.

அப்புறம் என்ஆர்சிஎஸ், மண், நீர் பாதுகாப்பைப் பார்க்கிற பிரிவு. நான் வேலியும் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியும் கேட்கப் போனேன். அங்கிருந்த அதிகாரியோ, "நிலத்தில் என்ன பிரச்சினை?" என்று கேட்டார். இவர்கள் மானியம் தரும் ஈக்விப் என்ற திட்டத்தின் சூட்சுமமே இதுதான். மண்ணிலோ தண்ணீரிலோ புல்லிலோ ஒரு குறை இருக்க வேண்டும், அதைச் சரிசெய்யத்தான் பணம். நேரில் வந்து மண்வெட்டியால் ஒரு பாளம் எடுத்து உடைத்துக் காட்டினார். மேலே இரண்டு அங்குலம் வேர், கீழே செங்கல் மாதிரி இறுக்கம். ஹூஸ்டன் பிளாக் என்கிற கரிசல் மண், டெக்சாஸின் மாநில மண்ணே இதுதான். கோவில்பட்டிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம், கோடையில் கை நுழைகிற வெடிப்பு, மழையில் செருப்பைப் பிடுங்கும். மாடுகள் ஒரே இடத்தில் மேய்ந்து புல் கரைந்து, ஓடைப் பக்கம் மண் அறுத்துக்கொண்டு போயிருந்தது. அதற்கு வழியாக, நிலத்தைப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதற்கு ஒரு திட்டம் எழுதினார். பிரிக்க வேலி வேண்டும், ஒவ்வொரு பிரிவிலும் தண்ணீர் வேண்டும். நான் கேட்டுப் போனது இரண்டும் அதற்குள்ளேயே வந்துவிட்டது.

விவசாயத்துக்கு வந்து பத்து வருடம் தாண்டவில்லை என்றால் பிகினிங் ஃபார்மர் என்று மறக்காமல் குறிப்பிடுங்கள். அரசு தரும் பங்கு கூடும், முன்பணமும் கேட்கலாம்.

*

இதோடு ஒன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். எங்கள் பக்கத்து நிலத்துக்காரர், எப்படியும் கிடைத்துவிடும் என்று முன்கூட்டியே வேலியைப் போட்டுவிட்டார். நல்ல வேலிதான், ஆனால் ஒரு டாலர்கூட வரவில்லை.

*

சொத்து வரிக்கும் இங்கேதான் கேட்க வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது வேறு இடம். விவசாய நிலம் என்று மதிப்பைக் குறைத்து வரி போடுகிற அக் வேல்யுவேஷனைத் தருவது, சொத்துக்கு மதிப்புப் போடும் கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். பொதுவாக, கடந்த 7 ஆண்டில் 5 ஆண்டு அந்த நிலத்தில் விவசாயம் நடந்திருக்க வேண்டும். 5 முதல் 20 ஏக்கர் என்றால் தேனீ வளர்த்தாலும் கணக்கில் எடுப்பார்கள், நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். எத்தனை பெட்டி வைக்க வேண்டும் என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும், பெட்டி வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.