காரணம் இன்னும் தெரியவில்லை: முதல் அறிக்கையில் நிறுவனர் என்ன சொல்லலாம்?

தேன்தட்டு கேட்டது:

முகத்தில் பூசும் க்ரீம் விற்கும் சிறிய பிராண்ட். பூசியதும் முகம் சிவந்து தடித்ததாக ஒரு வாடிக்கையாளர் போட்ட வீடியோ நேற்று மாலையிலிருந்து பரவுகிறது. அதன்கீழே இன்னும் 9 பேர் அதே புகாரைச் சொல்லியிருக்கிறார்கள். 6 பேர் காட்டிய டப்பாக்களில் ஒரே பேட்ச் எண், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதி. அந்த பேட்சில் மொத்தம் 1,200 டப்பா. ஆய்வக முடிவு வர 5 நாள் ஆகும். அதுவரை வாயே திறக்காதே என்கிறார் வக்கீல். கமெண்ட்டை மூடிவிடலாம் என்கிறார் மார்க்கெட்டிங் பார்ப்பவர். காரணமே தெரியாதபோது என்னதான் சொல்வது?

கலங்கரை:

காரணம் தெரியாது, சரி. ஆனால் நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்பது தெரியுமே. அதைத்தான் முதல் அறிக்கையில் சொல்ல வேண்டும். எனவே எழுத உட்காரும் முன் செய்துமுடிக்க வேண்டிய வேலை இருக்கிறது.

அந்த பேட்சின் விற்பனையை நிறுத்துங்கள், கிடங்கில் இருப்பதைத் தனியே எடுத்துப் பூட்டுங்கள். ஓடும் விளம்பரங்கள், முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த பதிவுகள், தானாகப் போகும் சலுகை மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இது: காலையில் வருத்தம் தெரிவித்துவிட்டு, மதியம் அதே க்ரீமுக்குத் தள்ளுபடி விளம்பரம் ஓடினால் அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள். அடுத்து ஆர்டர் பட்டியலிலிருந்து அந்த பேட்ச் யார் யாருக்குப் போனது என்று எடுங்கள். பொதுப் பதிவுக்கு முன்பாகவே அவர்களுக்கு மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் போய்ச் சேர வேண்டும். இன்றிரவு அதைப் பூசப்போகிறவர்கள் அவர்கள்தான்.

அறிக்கை இவ்வளவு போதும்:

“எங்கள் க்ரீமின் இந்த பேட்சை (எண்ணை இங்கே எழுதுங்கள்) பூசியபின் முகம் சிவந்து தடித்ததாக 6 பேர் தெரிவித்துள்ளனர். மேலும் 4 பேரின் பேட்ச் எண்ணைக் கேட்டு வருகிறோம். அவர்கள் பட்ட அவதிக்கு வருந்துகிறோம். காலை 9 மணிக்கு விற்பனையை நிறுத்திவிட்டோம். உங்கள் டப்பாவின் அடியில் இந்த எண் இருந்தால் பூசாதீர்கள். வீக்கமோ எரிச்சலோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். காரணம் இன்னும் தெரியவில்லை, மாதிரிகள் ஆய்வகத்தில் உள்ளன. நாளை மாலை 6 மணிக்கு இங்கேயே அடுத்த தகவல் தருகிறோம்.”

கடைசி வரிதான் உயிர். அடுத்து எப்போது பேசுவீர்கள் என்று தெரிந்தால் மக்கள் காத்திருப்பார்கள். 6 மணிக்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் “இன்னும் முடிவு வரவில்லை” என்றாவது எழுதுங்கள்.

கமெண்ட்டை மூடாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். அழித்ததற்கு ஸ்க்ரீன்ஷாட் வரும், பிறகு அதுவே தனிப் பிரச்சினையாகிவிடும். மேலும் புதுப் புகார்கள் உங்களுக்கு முதலில் தெரியவருவதே அங்கேதான்.

உரைகல்:

வக்கீலின் பயம் முழுக்கத் தவறல்ல. “எங்கள் தவறு” என்று இன்று எழுதினால், காரணம் தெரியும் முன்பே பொறுப்பை ஏற்றதாகிவிடும். பொருளால் யாருக்காவது பாதிப்பு வந்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும், அவர்களைக் கேட்காமல் பொறுப்பேற்கக் கூடாது என்ற நிபந்தனைகள் பெரும்பாலும் இருக்கும். ஆனால் ஒருவர் பட்ட அவதிக்கு வருந்துவது வேறு, குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு. மேலே உள்ள வாசகம் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. “யாருக்காவது சிரமம் ஏற்பட்டிருந்தால்” என்று மட்டும் எழுதாதீர்கள். முகம் வீங்கிக் கிடப்பவரிடம் “இருந்தால்” என்பது, அவர் பொய் சொல்கிறார் என்பதற்குச் சமம். பாதிப்பை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கச் சட்டம் கெடு வைத்திருக்கிறதா என்பதையும் முதல் நாளே வக்கீலிடம் கேளுங்கள்.

ஊழியர் குழுவில் எழுதும் ஒவ்வொரு வரியும் வெளியே வரும் என்று எண்ணியே எழுதுங்கள். 2017 ஏப்ரலில் யுனைடெட் விமானத்திலிருந்து ஒரு பயணியை இழுத்து வெளியேற்றிய வீடியோ பரவியபோது, தலைமை நிர்வாகி ஊழியர்களுக்கு அனுப்பிய கடிதம் பயணியின் மேலேயே குறை சொன்னது. அது கசிந்தது. முழுமையான மன்னிப்பு அதன்பிறகுதான் வந்தது, அதற்குள் கோபம் இரண்டு மடங்கு.

வீடியோ போட்டவரை நிறுவனரே தொலைபேசியில் அழையுங்கள். வீடியோவை நீக்கச் சொல்லாதீர்கள், பணம் திருப்பித்தர எந்த நிபந்தனையும் வைக்காதீர்கள்.

அடிமண்:

காரணத்தை அவசரப்பட்டு அறிவிப்பது மௌனத்தைவிட ஆபத்து. தீப்பிடித்த நோட் 7 போன்களுக்கு பேட்டரிக் குறைதான் காரணம் என்று சொல்லி, சாம்சங் 2016 செப்டம்பரில் அவற்றைத் திரும்பப் பெற்று மாற்றுப் போன் கொடுத்தது. மாற்றுப் போன்களிலும் சில தீப்பிடித்தன. அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்தினார்கள். இரண்டு சப்ளையர்களின் பேட்டரிகளில் இரண்டு வேறு குறைகள் என்று 2017 ஜனவரியில் விளக்கினார்கள்.

உங்கள் விஷயத்தில் இப்படிச் சிக்கவைக்கக்கூடிய இடம் மூலப்பொருள். பேட்ச் எண்ணோடு நிற்காமல் பின்னோக்கிப் போங்கள்: அதில் போன வாசனைப்பொருள், க்ரீம் கெடாமல் காக்கும் பதப்படுத்தி ஆகியவற்றின் லாட் எண்ணை (சப்ளையர் அனுப்பிய தொகுதியின் எண்) பாருங்கள். அதே லாட் வேறு க்ரீமிலும் போயிருந்தால் அதையும் இன்றே நிறுத்துங்கள். நாளை இரண்டாவது பொருளிலும் புகார் வந்தால் “ஒரே பேட்ச்தான்” என்ற உங்கள் சொல் பொய்யாகிவிடும்.

ஆய்வகத்துக்கு இரண்டு வகை மாதிரி போக வேண்டும்: தொழிற்சாலையில் பாதுகாத்து வைத்த திறக்காத டப்பா, புகார் சொன்னவர்கள் பயன்படுத்திய டப்பா. கிருமி இரண்டிலும் இருந்தால் உற்பத்தியைத் தேடுங்கள். திறந்ததில் மட்டும் என்றால் மூடி, பதப்படுத்தியின் அளவு, வைத்திருந்த விதம் ஆகியவற்றைப் பாருங்கள். எல்லா மாதிரியையும் அனுப்பிவிடாதீர்கள், மறுபரிசோதனைக்கு வேண்டும்.

புகார்களுக்கு ஒரே அட்டவணை போதும்: நேரம், ஆர்டர் எண், பேட்ச், டப்பாவைத் திறந்த தேதி, அறிகுறி, கூடப் பூசிய பொருட்கள், படம், நாம் சொன்ன பதில்.

தேன்தட்டு:

நிறுவனரே பேசும் வீடியோ போடலாமா? ஆய்வக முடிவில் குறையே இல்லை என்று வந்தால்?

கலங்கரை:

இன்று எழுத்து போதும். காட்டுவதற்கு ஏதாவது கையில் வந்தபிறகு வீடியோ: 90 வினாடிக்குள், இசை இல்லாமல்.

குறை இல்லை என்று வந்தாலும் ஆய்வக அறிக்கையை முழுதாக வெளியிடுங்கள், புகார் சொன்னவர்களைப் பொய்யர் என்று எழுதாதீர்கள். ஆய்வகம் தேடச் சொன்னதைத்தான் தேடும். எல்லா அளவும் சரியாக இருக்கும் க்ரீமும் சிலருக்கு ஒவ்வாமை தரும். அப்போது உங்கள் வேலை, எந்தப் பொருள் என்று தோல் மருத்துவரிடம் அவர்கள் பரிசோதித்துக்கொள்ள, க்ரீமில் உள்ள முழுப் பொருள்பட்டியலையும் வாசனைப்பொருளின் உட்கூறுகளையும் எழுதிக் கொடுப்பது.