ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் காட் போட பவர் சப்ளை மாத்த வேணுமா?

நிரு, வெள்ளவத்தை:
ஐ5-10400, 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க். இப்ப இருக்கிறது ஜிடி 1030. பவர் சப்ளை கேஸிங்கோடயே வந்தது. பெட்டியில 500 வாட்ஸ் எண்டு போட்டிருக்கு, லேபிள்ல +12வி 20ஏ. கிராஃபிக்ஸ் காட்டுக்கான 8 பின் வயர் இல்லை. சாட்டாவில (டிஸ்குக்குக் கரண்ட் குடுக்கிற பிளக்) இருந்து 8 பின்னுக்கு மாத்துற கன்வெர்ட்டர் போதும் எண்டு கடையில சொல்லினம். சரியா?

கபிலன்:
கட்டாயம் மாத்துங்கோ. 500 எண்ட எண்ணை விடுங்கோ, 12ஐ 20ஆல பெருக்குங்கோ: 240 வாட்ஸ். காட் மட்டும் 170 எடுக்கும். ப்ரொசசர் முழு வேகத்தில கொஞ்ச நேரத்துக்கு 134 வரை போகும். மதர்போட், டிஸ்க், ஃபேனுக்கு இன்னும் 40, 50. அந்தப் பெட்டியால ஏலாது. கேம் நடுவில மெஷின் சட்டெண்டு நிண்டு போகும். பாதுகாப்புச் சுற்று ஒழுங்கா இல்லாத மலிவுப் பெட்டி எண்டால் மதர்போட்டையும் சேர்த்து எரிக்கலாம்.

கன்வெர்ட்டரைத் தொடவே வேண்டாம். சாட்டா பிளக்கில 12 வோல்ட்டுக்கு மூண்டு பின், ஒண்டுக்கு 1.5 அம்பியர், மொத்தம் 54 வாட்ஸ். 8 பின் 150 வரைக்கும் கேக்கலாம். பிளக் உருகிறது இதாலதான்.

இந்தக் காட்டின்ர கொம்பனி என்விடியா சொல்றது 550 வாட்ஸ். கொழும்பு யுனிட்டி பிளாசா கடையள்ல வாங்கினாலும் லேபிளைத் திருப்பிப் பாருங்கோ, 12 வோல்ட்டில 40 அம்பியருக்கு மேல இருக்கவேணும். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகுது எண்டதைத்தான் சொல்லும், தரத்தை இல்லை.

நிரு, வெள்ளவத்தை:
நன்றி அண்ணா. 650 விஏ யூபிஎஸ் ஒண்டு இருக்கு. 550 வாட்ஸ் போட்டால் அது தாங்குமா?

சுதா:
550 எண்டது உச்ச வரம்பு. மெஷின் கேக்கிறதைத்தான் அது எடுக்கும். கேம் ஓடேக்க உள்ளுக்கு 285 அளவில வரும், சுவர் பிளக்கில 335. மொனிட்டரோட 360. 650 விஏ யூபிஎஸ் பலதிலயும் வாட்ஸ் 360, 390தான், அதால விளிம்பில நிக்கும். கரண்ட் போன உடன கேமை நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி 1000 விஏக்கு மாறுங்கோ.

பூட்டேக்க ரெண்டு கவனம். ப்ரொசசரின்ர 4+4 வயரையும் காட்டின்ர 6+2 வயரையும் மாத்திக் குத்தாதேங்கோ. 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும், அமத்தித் தள்ளினால் ஷோர்ட்தான். மொடியூலர் (வயரைக் கழட்டிப் பூட்டக்கூடிய பவர் சப்ளை) எண்டால் அதோட வந்த வயரை மட்டும் பாவியுங்கோ. வேற பிராண்ட் வயர் பிளக்கில சரியா இருந்தாலும் பின் ஒழுங்கு வேற, ஹார்ட் டிஸ்க் எரிஞ்சு போகலாம்.