மறு: எபிரேய "மூசார்" தமிழ்ல என்ன?

> ஒறுப்புன்னே வெச்சிடலாமே, நல்ல தமிழ், சின்னச் சொல்

ஐயா வணக்கம். மூசார்ங்கிறது எபிரேய பைபிள்ல கண்டிச்சு, சொல்லிக்குடுத்து வளக்குறதுக்கு வர்ற சொல். ஒறுப்பு நல்ல சொல்தான், ஆனா அது தண்டனையோட நின்னுடுது. நேத்து ராத்திரி பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பை எடுத்து வெச்சு மூசார் வர்ற இடமா பாத்துட்டே போனேன், நீதிமொழிகள் 1:2ல "போதகம்", ஆறு வசனம் தள்ளி 1:8ல "புத்தி", 3:11ல "சிட்சை", ஏசாயா 53:5ல "ஆக்கினை". ஒரே சொல்லுக்கு நாலு! இதுல கூத்து என்னன்னா 1:8லயும் தாயோட "போதகம்"னு ஒண்ணு வருது, ஆனா அது மூசார் இல்ல, மூலத்துல அங்க தோரா, அதாவது போதனை, சட்டம்.

சிட்சையையே வெச்சுக்கலாம்னு நானும் நெனச்சேன். பாட்டுக்காரங்க "அவர்கிட்ட சிட்சை"ன்னா பாடம் கத்துக்கிட்டதைத்தான் சொல்வாங்க. மத்தவங்க காதுல விழுந்தா பிரம்புதான் ஞாபகம் வரும்.

உபாகமம் 8:5 பாருங்க, தகப்பன் மகனைச் சிட்சிக்கிற மாதிரி கர்த்தர் உன்னைச் சிட்சிக்கிறார்னு இருக்கு, சரி, அதுக்கு முந்தின வசனங்கள்ல என்ன இருக்கு, அடியா? பசிக்க விட்டு மன்னாங்கிற உணவைக் குடுத்தது, 40 வருஷமா துணி பழசாகாதது, கால் வீங்காதது. ஏசாயா 28:26ல மூசாரோட அதே வேர்லேர்ந்து வர்ற வினை, கடவுள் உழவனுக்குத் தொழில் சொல்லித்தர்றாரு. அடுத்த வசனத்துல சீரகத்து மேல வண்டி உருளையை ஓட்டமாட்டாங்க, மிலாறால (சின்னக் குச்சியால) தட்டுவாங்கன்னு வருது, தானியத்துக்குத் தக்க அடி. எரேமியா 31:18ல எப்பிராயீம் (இஸ்ரவேல் ஜனத்தை ஒரு ஆளாச் சொல்றது) தன்னைப் பழக்காத கன்னுக்குட்டின்னு சொல்லி அழுறான், அங்கயும் அதே வேர்தான்.

அதனால நான் சொல்றது "பழக்குநெறி", வினையா வந்தா "பழக்கு". கன்னை ஏருக்குப் பழக்குறப்ப பழகின மாட்டோட ஜோடி சேத்து சும்மா நுகத்தை வெச்சு நடக்க விடுவாங்க, கையில சாட்டை இருக்கும், எப்பவும் விழாது. பரிசுத்தமும் இதுல வந்து சேருது, லேவியராகமம் 20:26ல பரிசுத்தம்னா தனக்குன்னு மத்த ஜனங்கள்லேர்ந்து பிரிச்சு எடுக்குறது. ஏருக்குன்னு ஒதுக்கின கன்னைத்தானே பழக்குவோம், சந்தைக்குப் போறதையா பழக்குவோம்?

கீழ்ப்படிதலுக்கு யாரோ புதுச்சொல் கேட்டிருந்தீங்க, எதுக்குங்க? "சொன்னா கேளு"ன்னு அம்மா சொல்றதுல காதும் இருக்கு பணிவும் இருக்கு, 'கேள்'ங்கிற எபிரேய ஷமாவும் அப்படித்தான்.

நீதிமொழிகள் 23:13ல மூசாரும் பிரம்பும் ஒண்ணாவே வருதேன்னு கேப்பீங்க. சாட்டை சேந்ததுதான் பழக்குறது, அங்க சமாளிச்சுக்கலாம். ஏசாயா 53:5தான் மடக்குது, நமக்காகப் பாடுபடுற தாசன்மேல ஆக்கினை வந்ததுன்னு சொல்ற இடம், "பழக்குநெறி அவர்மேல் வந்தது"ன்னு எழுதிப் பாத்தேன், எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அங்க மட்டும் ஆக்கினையை விட்டுட்டு அடிக்குறிப்பு போடலாமா, இல்ல ரெண்டு இடத்துலயும் உக்கார்ற சொல் யார்கிட்டயாவது இருக்கா?