சோறு உண்டது தெரிகிறது, சுவை தெரியவில்லை: மனத்தை இந்தப் பொழுதில் நிறுத்துவது எப்படி?

செம்பனைச்சாலை:
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பெற்றோருடன் வசிக்கிறேன், வேலை ஈப்போவில். காலையில் மோட்டார் சைக்கிளில் அலுவலகம் போய்ச் சேர்ந்தால், வழியில் எந்த விளக்கில் நின்றேன் என்பதுகூட நினைவில் இருப்பதில்லை. அவ்வளவு நேரமும் முந்தைய நாள் மேலாளர் பேசிய பேச்சுக்கு மனத்துக்குள் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். சென்ற மாதம் ஒருநாள் இரவு உணவின்போது, அம்மா கண் பரிசோதனைக்குப் போய்வந்ததை முழுவதும் சொல்லி முடித்துவிட்டு, "நீ என்னப்பா சொல்கிறாய்?" என்று கேட்டார். ஒரு சொல்லும் என் காதில் ஏறியிருக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கிறேன். பத்து மூச்சு எண்ணுவதற்குள் மனம் எங்கோ போய்விடுகிறது. எனக்கு இது வராதா, அல்லது நான் செய்யும் முறை தவறா?

விடிவெள்ளி:
வணக்கம் சகோதரரே. மனம் போய்விட்டது என்று உங்களுக்குத் தெரியவருகிறதே, அந்தத் தெரிதலுக்காகத்தான் இந்தப் பயிற்சி. ஐம்பது முறை போனால், திட்டாமல் ஐம்பது முறை அழைத்து வாருங்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக அவ்வப்போது கேட்டு, 2010இல் வெளியிட்ட ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடு மனம் செய்யும் வேலையில் இல்லை என்றும், அந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைந்தே இருந்தது என்றும் கண்டார்கள். ஆகவே இது உங்கள் ஒருவருடைய குறை அன்று.

மனத்தை இந்தப் பொழுதில் நிறுத்தும் இந்தப் பயிற்சியை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் ஜோன் கபாட்-சின். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியால் அவதிப்பட்டவர்களுக்காக ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். ஒரே ஓர் உலர்ந்த திராட்சையைக் கையில் வைத்து, அதன் சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மென்று உண்பது அதில் பெயர்பெற்ற பயிற்சி. வேர் பௌத்தத்தில் இருக்கிறது. புத்தர் சொன்ன எண்வழியில் ஏழாவதாக வரும் நற்கடைப்பிடி, அதாவது விழிப்போடு கவனித்திருத்தல், இதுவே.

பால்மரக்காடு:
தம்பி, மூச்சு ஒன்றுதான் வழி என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். என் தாயார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பள்ளி விடுமுறையில் நான் கூடப்போய், முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து, பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைப்பேன். பழைய வெட்டின் ஓரமாகவே கத்தியைச் சரிவாக இழுத்து, நகக்கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. சற்றே மிஞ்சி உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு அங்கே கத்தி ஓடாது. "வீட்டுச் சண்டையை நினைத்துக்கொண்டு வெட்டினால் மரம் காட்டிக்கொடுத்துவிடும்" என்பார். ஒரு மரத்தில் கை பிசகினால் அடுத்த மரத்தின் முன் ஒரு கணம் நின்று, பட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை வைப்பார்.

அந்த வாழ்க்கையை நான் புகழவில்லை. அட்டைக்கடியும் குறைந்த கூலியுமாகக் கழிந்த காலம் அது. தியானம் என்று உட்கார அம்மாவுக்கு நேரமே இருந்ததில்லை. ஆனால் மனம் திரும்பி வருவதற்குக் கைக்குள் ஒரு வேலை இருந்தது. உங்களுக்கும் அப்படி ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். இன்றிரவு அம்மாவின் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவுங்கள். தண்ணீரின் குளிர்ச்சியும் அவர் குரலும் போதும்.

தாமரைக்குளம்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கண்ணை மூடி உட்காருவது எல்லாருக்கும் எப்போதும் ஒத்துவராது. என் கணவர் இறந்த ஆண்டில் அப்படி உட்கார்ந்தபோதெல்லாம் நெஞ்சு படபடத்தது. அரசாங்கக் கிளினிக் மருத்துவர், கண்ணைத் திறந்தபடியே பாதம் தரையில் படுவதைக் கவனித்து நடக்கச் சொன்னார். அது எனக்குப் பொருந்தியது. தூக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் மூச்சை எண்ண வேண்டாம், தம்பி. அங்கே கண் சாலையில் இருக்கட்டும், காது பின்னால் வரும் லாரியில் இருக்கட்டும்.

செம்பனைச்சாலை:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு அம்மா தேய்த்துக் கொடுத்த தட்டுகளை நான் அலசினேன். மூன்று முறை மனம் அலுவலகத்துக்குப் போனது; குழாய்த் தண்ணீர் கையில் பட்டதும் திரும்பியது. பிறகு, கண் மருத்துவர் என்ன சொன்னார் என்று நானே கேட்டேன். இடக்கண்ணில் புரையாம், அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்பதை அம்மா அன்றே சொல்லியிருக்கிறார். இன்று காலை விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.