மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை ஓவியர்களில் உங்கள் மனதில் நிற்பவர் யார்?

உவர்மலை வாசகி:
எனக்கு டக்கேஹிகோ இனோவே. 1998இல் தொடங்கிய 'வகபொண்ட்' தொடரில் ஒரு கட்டத்தில் பேனையை வைத்துவிட்டுத் தூரிகைக்கு மாறினார். அப்புறம் புல்லும் மழையும் முகச்சுருக்கமும் ஒரே மையில் கனத்தும் மெலிந்தும் ஓடுகின்றன. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்கும் மான்களைப் பேனையால் எத்தனையோ தடவை வரைந்தேன், உயிர் வரவில்லை. போன கிழமை தூரிகையால் முதுகுக் கோட்டை ஒரே இழுப்பில் போட்டேன். மான் அப்படியே எழுந்து நின்றது! உங்களுக்கு யார், ஏன்?

டச்பே தம்பி:
கென்டாரோ மியுரா, அக்கா. 1989இல் 'பெர்செர்க்' தொடங்கி 2021இல் காலமாகும்வரை அதை விடவில்லை. கவசத்தில் உள்ள கீறல்கூட நெருக்கமான குறுக்குக் கோடுகளால் ஆனது. இரும்பின் பாரம் கண்ணுக்குத் தெரியும்.

நிலாவெளியான்:
ஜுஞ்சி இட்டோ. முன்பு பல் தொழில்நுட்ப வேலை பார்த்தவர். அவரது 'உசுமாகி' திகில் தொடரில் புகை, கூந்தல், காது எல்லாவற்றிலும் சுருள். கோடு சுத்தமாக இருப்பதால்தான் பயம் கூடுகிறது. பக்கத்தைத் திருப்பியதும் பெரிய படம் முகத்துக்கு நேரே வரும். இரவில் படிக்கமாட்டேன்.

உவர்மலை வாசகி:
சரி தம்பி, கோணேசர் கோயிலடி இராவணன் வெட்டுப் பாறைக்கு நீங்கள் சொன்ன குறுக்குக் கோடுதான் பொருந்தும். கீழே அலைக்கு மட்டும் தூரிகை. சனிக்கிழமை காலை வெயில் ஏறமுன் போய் வரைந்து இங்கே போடுகிறேன்.