மலுங்கய்னா முருங்கையா? பிலிப்பைன்ஸ்ல பேசுற தகலோக் மொழி வார்த்தை பத்தி ஒரு டவுட்

லயத்துக்காரன்:
வணக்கம் மக்களே. நேத்து இங்க மலேசியால சுங்கை சிப்புட் காலைப் பசார்ல (சந்தைல) அம்மா வீட்டு முருங்கக்கீரைய கட்டு ரெண்டு வெள்ளின்னு வச்சு வித்துக்கிட்டு இருந்தாங்க, நான் சும்மா பக்கத்துல குந்தியிருந்தேன், ஒரு பிலிப்பைன்ஸ் அக்கா வந்து கீரைய பாத்ததும் "மலுங்கய்! மலுங்கய்!"னு மூணு கட்ட அள்ளிட்டாங்க. கோழி சூப்ல போடுவாங்களாம், தினோலான்னு பேராம். அம்மா உடனே "பாத்தியா, முருங்கையத்தான் வாய்ல நுழையாம சொல்லுது"ன்னுட்டாங்க. நெசமாவே தமிழா, இல்ல சும்மா ஒத்துப்போகுதா?

கறிவேப்பில:
அம்மா சொன்னது சரிதான் லா. பிலிப்பைன்ஸ் வடக்க இலோகானோ மொழி பேசுறவங்க மருங்கய்ம்பாங்க, அதுல ர அப்படியே நிக்குது பாருங்க. மரமே இந்தியா பக்கத்து மரம், கூடவே பேரும் போயிருக்கு. வெள்ளக்காரன் வச்ச மொரிங்காவும் முருங்கைதான். மாம்பழத்துக்கு அங்க மங்கா, மலாய்லயும் மங்கா, எல்லாம் நம்ம மாங்காய்.

லயத்துக்காரன்:
அப்ப நம்ம தாத்தா பாட்டி தோட்டத்துக்கு வந்தப்ப கொண்டாந்ததா?

பேராக்_தாத்தா:
அதுக்கெல்லாம் ரொம்ப முந்தி தம்பி, நடுவுல தரகு மலாய். மணிலா பக்கம் லகுனால 1989ல வெளிய வந்த செப்பேடு கி.பி. 900 ஆம் வருசத்தது, எழுதுனது பழைய மலாய்ல, உள்ள சமஸ்கிருதம் ஏகப்பட்டது. அவ்ளோ காலமா மலாய் அங்க பொழங்கிருக்கு. நம்ம 'வகை'ங்கற வார்த்தை மலாய்ல பாகாய் ஆச்சு, அது தகலோக்ல பாகய்னு 'பொருள், சாமான்'ங்கற அர்த்தத்துல ஒக்காந்திருக்கு. ர ல ஆகுறதும் புதுசில்ல, சமஸ்கிருத சரித மலாய்ல செரித்தா, தகலோக்ல சலிதா. சலிதான்னா என்னா தெரியுமா? 'வார்த்தை'! வார்த்தைங்கற வார்த்தையே கடன்.

ஆனா காதுல விழுறதெல்லாம் தமிழ்னு குதிக்காதீங்க, அந்த ஆட்டம் எனக்கு ஆகாது.

கறிவேப்பில:
ஹாஹா நான் அப்படி குதிச்சு விழுந்தவ. கூட வேல செய்ற பிலிப்பினா ஒரு நாள் சூப்பர்வைசர பாத்து "கபால், கபால்"னு முணுமுணுத்தா, மலாய் காபால் நம்ம கப்பல்தானேன்னு நான் கப்பல்ல ஊருக்கு போறாளான்னு கேட்டுட்டேன். அவங்க பாஷைல கபால்னா தடிப்பு, மூஞ்சி தடிச்சவன்னா வெக்கங்கெட்டவன்னு அர்த்தமாம். கப்பலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

லயத்துக்காரன்:
😂 தேங்ஸ் தாத்தா, அக்கா. அம்மாட்ட படிச்சு காட்டுனேன், செப்பேட்டயெல்லாம் காதுலயே வாங்கல, இனிமே "மலுங்கய்"னு கூவுனா கட்டுக்கு அம்பது காசு ஏத்தலாமான்னு கேக்குறாங்க